பாட்டு ரசிகர் குரூப்பில் பேச்சு வற்றாமல் இருக்க

அறுபது பேர் உள்ள ஒரு பாட்டு ரசிகர் வட்ஸ்அப் குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பதினைந்து பேர் பூப்படத்தோடு வணக்கம் போடுகிறார்கள். பத்து மணிக்கு யாரோ எங்கிருந்தோ வந்த வீடியோவைத் தள்ளிவிடுகிறார். மத்தியானம் ஒரு தங்கச்சி, “இந்தப் பாட்டோட ரெண்டாவது சரணம் கேட்டா எனக்கு அழுகை வரும்” என்று எழுதுகிறார். அதற்குக் கீழே இரண்டு கட்டைவிரல், பிறகு ஒரு மருந்து விளம்பரம். அந்தத் தங்கச்சி இனி எழுத மாட்டார். மூன்று மாதத்தில் பாதிப்பேர் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள்.

குரூப் செத்துப்போவதற்கு ஆள் குறைவோ செய்திக் குறைவோ காரணமில்லை. போட்ட சொல்லுக்குப் பதில் வராததுதான் காரணம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருந்துகொண்டோ, அங்கிருந்து கொழும்புக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போயோ, பழைய பாட்டையும் இளையராஜா பாட்டையும் சேர்ந்து ரசிக்கிறவர்கள் ஒரு குரூப்பை எப்படி உயிரோடு வைத்திருக்கலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் போனைச் சரிசெய்யுங்கள்

வட்ஸ்அப் ஒரு குரூப்பில் 1024 பேர் வரை விடுகிறது. அத்தனை பேர் தேவையே இல்லை. தினசரிப் பேச்சுக்கு முப்பதிலிருந்து அறுபது பேர் போதும். அதைத் தாண்டினால் யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று தெரியாமல் போகும்.

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் டேட்டா கார்டு போட்டு அளந்து பாவிக்கிறவர்கள்தான் அதிகம். புதிதாக வருகிறவருக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்: செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மீடியா ஆட்டோ டவுன்லோட். அங்கே மொபைல் டேட்டா என்ற இடத்தில் போட்டோ, ஓடியோ, வீடியோ, டொகுமென்ட் நான்கிலும் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தேவையானதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். வொய்ஸ் நோட் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது, அது எப்போதும் தானாக இறங்கும். அதனால் குரல் எல்லோரையும் போய்ச் சேர்கிறது. ஒரு நிமிட வொய்ஸ் நோட்டுக்குப் போகும் டேட்டா, அதே நீள வீடியோவுக்குப் போவதில் ஒரு சிறு துளிதான். மலை மடிப்புக்குள் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் வீட்டுக்கும் அது வந்து சேரும்.

குரலுக்கு இன்னொரு பெரிய தேவையும் இருக்கிறது. மலையகத்தில் சிங்கள மீடியத்தில் படித்து, தமிழைப் பேசவும் பாடவும் தெரிந்து, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். எழுத்தாகவே ஓடும் குரூப்பில் இவர்கள் வெறும் பார்வையாளர்கள்தான். தமிழில் டைப் பண்ண வராதவருக்கு ஜீபோர்ட் கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேசக் காட்டிக்கொடுங்கள், பேசியது எழுத்தாக விழும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவரைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

அட்மின் கவனிக்க வேண்டியவை இரண்டு. சேர்க்கும் லிங்கைத் தெருவெல்லாம் பகிராமல், புதியவரை அட்மின் பார்த்து அனுமதிக்கும் வசதியை ஒன் செய்து வையுங்கள். லிங்க் வெளியே போய்விட்டது என்றால் ரீசெட் செய்தால் பழையது வேலை செய்யாது. அடுத்தது, குரூப்பில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகள் சேரும் முன் இதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ப்ரைவசியில் புரொஃபைல் போட்டோவை ‘மை கொன்டாக்ட்ஸ்’ என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். குரூப்பில் பார்த்த நம்பருக்கு அனுமதி கேட்காமல் தனியாக மெசேஜ் போடுகிறவரை ஒரு முறைகூட எச்சரிக்காமல் வெளியே எடுங்கள். இதில் இரக்கம் காட்டிய குரூப்பில் ஆறு மாதத்தில் பெண்கள் யாரும் மிஞ்ச மாட்டார்கள். நம்பர் தெரியவே கூடாது என்று பெரும்பாலானோர் நினைத்தால் டெலிகிராமுக்கு மாறலாம். அங்கே நம்பரை மறைத்து வைக்க முடியும்.

எந்த நேரத்தில் பேச்சைத் தொடங்குவது

காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போனவர்கள் அந்திக் கொழுந்து நிறுத்து, தண்ணி பிடித்து, அடுப்பு மூட்டி உட்கார ஏழு மணி தாண்டும். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிமாருக்குக் கடை பூட்ட எட்டு, ஒன்பதாகும். டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால், குவைத்தும் கட்டாரும் இரண்டரை மணித்தியாலம் பின்னால். ஹட்டனில் இரவு எட்டரை என்றால் டுபாயில் ஏழு, குவைத்தில் ஆறு. ஆகவே இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை உள்ள ஒரு மணித்தியாலம்தான் எல்லோரும் சேரக்கூடிய நேரம். பெரிய பேச்சு, விளையாட்டு எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். போயா நாளிலும் ஞாயிறிலும் மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு முறை தொடங்கலாம்.

வீட்டு வேலைக்குப் போன அக்காமார் அங்கே வேலை முடித்துப் போனைக் கையில் எடுக்கும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அவர்கள் போடும் வொய்ஸ் நோட்டை யாரும் உடனே கேட்பதில்லை. காலையில் வணக்கப் படங்கள் அதை மேலே தள்ளிவிடும். அட்மினோ, காலையில் முதலில் போனைப் பார்க்கிற ஒருவரோ, இரவு பன்னிரண்டுக்குப் பிறகு வந்ததைத் தேடிக் கேட்டு, அதை அழுத்திப் பிடித்து ரிப்ளை கொடுத்துப் பதில் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நாளில் ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவருக்குத் தன் ஊர்ப் பேச்சில் ஒரு பதில் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

காலை வணக்கப் படங்களைத் தடைசெய்தால் மனம் புண்படும். அதற்குப் பதிலாக ஒரு முறை: வணக்கம் போடுகிறவர், படத்துக்குப் பதில் அன்று காலையில் மனதில் ஓடிய பாட்டின் பெயரை எழுத வேண்டும். படம் தானாகக் குறையும், பேச்சுக்கு நூலும் கிடைக்கும்.

கேள்வி கேட்கும் விதம்

“உங்களுக்குப் பிடித்த பாடகர் யார்?” என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயரைப் போட்டுவிட்டுப் போவார்கள். பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. கேள்வி சின்னதாக, இன்றைக்கு நடந்ததைப் பற்றியதாக, யோசிக்காமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இப்படி:

“இன்னைக்கு வேலை விட்டு வர்றப்ப எந்தப் பாட்டு காதுல விழுந்துச்சு? பஸ்லயா, பக்கத்து வீட்டு ரேடியோவுலயா, கோயில் ஸ்பீக்கர்லயா?”

“கோயில் ஸ்பீக்கர்தாண்ணே. திருவிழாவுக்குக் கட்டியிருக்காங்க. ஒரே பாட்டுதான் திருப்பித் திருப்பி.”

“எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா குரலா தங்கச்சி?”

“ஆமாண்ணே. எங்க லயத்து வீடுகள்ல நண்டு சிண்டுக்குக்கூட அந்த உடுக்கை அடி மனப்பாடம்.”

“அந்த உடுக்கைய வாயால ஒரு தடவ அடிச்சுக் காட்டச் சொல்லி வொய்ஸ் போடுங்களேன்.”

அதற்குப் பிறகு ஏழு வயதுப் பிள்ளையின் வாய் உடுக்கை வரும், அதைக் கேட்டு மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாத்தா தன் காலத்துக் காமன்கூத்துத் தப்பு மேள அடியைச் சொல்வார், பேச்சு ஒரு மணித்தியாலம் ஓடும். இதில் நடந்ததைக் கவனியுங்கள். கேள்வியிலேயே மூன்று பதில் இருந்தது, அதனால் பேசத் தயங்குகிறவரும் ஒன்றைத் தொட்டார். பதில் வந்ததும் அண்ணன் தன் கதையைத் தொடங்கவில்லை. தங்கச்சி சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து அதைப் பற்றியே கேட்டார். ‘தங்கச்சி’ என்று முறை வைத்து அழைத்ததால் யாருக்குப் பதில் என்பதும் தெளிவு.

பாட்டு தெரிந்தவர்களிடம் இன்னும் நுணுக்கமாகக் கேட்கலாம். பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் நடுவில் வரும் இசை, முதல் சரணத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் வரும் இசை இரண்டும் ஒன்றா வேறா? ராஜா பாட்டுகளில் பெரும்பாலும் வேறாக இருக்கும். “இரண்டாவதில் புல்லாங்குழலுக்கு முன் எந்த வாத்தியம்?” என்று கேட்டால், போனில் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். அன்று இரவு முப்பது வீட்டில் ஒரே பாட்டு ஓடும். பாட்டை ஃபைலாக அனுப்புவதைவிட, இசை நிறுவனத்தின் சொந்தச் சேனலில் உள்ள லிங்கையும் கேட்க வேண்டிய நிமிடத்தையும் எழுதிப் போடுவது நல்லது. டேட்டா குறைந்தவர் அந்த இடத்தை மட்டும் கேட்டுக்கொள்வார்.

யாரிடமிருந்தும் பதில் வராத மெசேஜ் ஒன்று கூட இருக்கக் கூடாது. ஐந்தாறு பேர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருவராக இதைப் பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரலும் இதயமும் பதில் ஆகாது. அவை பேச்சை முடித்துவைக்கிற அடையாளங்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

பாட்டுக்குப் பாட்டு, வொய்ஸ் நோட்டில்

இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீத் நடத்திப் பேர்பெற்ற நிகழ்ச்சியை வளர்ந்தவர்களில் தெரியாதவர் இல்லை. அதே விளையாட்டைக் குரூப்பில் நடத்தினால் வாய் திறக்காதவரும் பாடுவார். ஆனால் சும்மா தொடங்கினால் பத்து நிமிடத்தில் குழம்பும். சிக்னல் இல்லாத இடத்தில் பாடியது நிலுவையில் நின்று, கோடு வந்ததும் மூன்று நான்காகச் சேர்ந்து விழும். எது எதற்குப் பதில் என்று யாருக்கும் விளங்காது.

எட்டிலிருந்து பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், மற்றவர்கள் கேட்கட்டும். பாடும் வரிசையை எழுதி, 24 மணித்தியாலம் மேலேயே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்து வையுங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். அதற்குள் வராவிட்டால் நடத்துகிறவர் அவர் பெயரைச் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். தவறியவர் வரிசையின் கடைசிக்குப் போவார், வெளியேற்றக் கூடாது. தவறு மலையினுடையது, அவருடையது இல்லை. பாடுவது பதினைந்து விநாடி, பல்லவியின் முதல் இரண்டு வரி போதும். மைக்கை அழுத்தி மேலே இழுத்தால் விரலை எடுத்தாலும் பதிவாகும். அனுப்பும் முன் கேட்டுப் பார்க்கவும் முடியும். பாடுகிறவர் எப்போதும் முந்தைய பாட்டுக்கு ரிப்ளையாகவே போட வேண்டும். சேர்ந்து விழுந்தாலும் அப்போது வரிசை தெரியும்.

சண்டை வருவது எழுத்தில்தான். கடைசி எழுத்தை எடுப்பது என்று வைத்தால் ள, ழ, ற, ன, ண என்று வந்து நிற்கும், அந்த எழுத்தில் தமிழ்ப் பாட்டே தொடங்காது. பாடிய வரியின் கடைசிச் சொல்லுடைய முதல் எழுத்தை எடுங்கள். குறில் கிடைத்தால் அதன் நெடிலும் செல்லும், ‘க’ வந்தால் ‘கா’ பாடலாம். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். நடுவில் சட்டம் போட்டால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

முனகிக் கண்டுபிடிக்கும் விளையாட்டும் நன்றாகப் போகும். எட்டு விநாடி, வார்த்தை இல்லாமல், பல்லவியை விட்டு நடு இசையை முனக வேண்டும். கூகுள் 2020இல் இருந்து முனகலைக் கேட்டே பாட்டைச் சொல்லிவிடுகிறது. எனவே பாட்டின் பெயருக்குப் பாதி மதிப்பெண். முனகியது எத்தனையாவது இடையிசை, அதற்குப் பிறகு வரும் சரணத்தின் முதல் சொல் என்ன என்பதற்கு மீதிப் பாதி. வெற்றி பெற்றவர் அடுத்த கேள்வியைக் கேட்பதுதான் பரிசு. போன் ரீலோட் பரிசு வைக்காதீர்கள். காசு வந்த இடத்தில் கள்ள ஆட்டமும் சந்தேகமும் வரும்.

நாள் பார்த்துப் பேசுவது

பிறந்தநாள், நினைவுநாள் பட்டியல் ஒன்று அட்மினிடம் இருக்கட்டும். ஜனவரி 6 ரஹ்மான், ஏப்ரல் 23 எஸ்.ஜானகி, நவம்பர் 13 பி.சுசீலா. ஜூன் மாதம் மட்டும் தனிக் கவனம் கேட்கும். 2ஆம் தேதி இளையராஜா, 4ஆம் தேதி எஸ்.பி.பாலசுப்ரமணியம், 24ஆம் தேதி கண்ணதாசனும் எம்.எஸ்.விஸ்வநாதனும் ஒரே நாளில். ஒருவர் 1927, மற்றவர் 1928. செப்டெம்பர் 25 பாலு மறைந்த நாள், 2020. ஜனவரி 17 எம்.ஜி.ஆர். பிறந்தநாளை மலைநாட்டுக்காரர் விடவே கூடாது. அவர் 1917இல் பிறந்தது நாவலப்பிட்டியில்.

அந்த நாளில் போஸ்டர் ஒன்று போட்டால் போதும். அறுபது பேரும் ஆளுக்கொரு போஸ்டர் போட்டால் அன்று பேச்சே இருக்காது. முந்தின இரவே ஒரு கேள்வியைப் போட்டு வையுங்கள்: “பாலு பாடினதுல, நீங்க முதல்ல எங்க நின்னு கேட்ட பாட்டு?” எந்தப் பாட்டு என்பதைவிட, எங்கே நின்று கேட்டோம் என்பதில்தான் கதை இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில், ரயிலில், சாவீட்டில். அதைச் சொல்லும்போது ஆள் திறந்துகொள்வார்.

சண்டை

ராஜாவா ரஹ்மானா என்ற சண்டை வராத பாட்டுக் குரூப் கிடையாது. அது நல்ல சண்டை, பாட்டைப் பற்றி இருக்கும்வரை விடுங்கள். “உனக்கென்ன இசை தெரியும்” என்று ஆளைத் தொடும் முதல் வரியிலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தும் வழி, இருவரிடமும் எதிர்க்கட்சியின் ஒரு பாட்டைக் கேட்டு வாங்குவது: “அண்ணே, ரஹ்மான்ல ஒங்களுக்குப் புடிச்ச ஒண்ணு போடுங்க. தம்பி, ராஜாவுல நீங்க ஒண்ணு.” பெரும்பாலும் இருவரிடமும் ஒன்று இருக்கும். அப்படியும் அடங்காவிட்டால் அட்மின் மட்டும் அனுப்பும்படி அன்றிரவுக்கு மாற்றி, காலையில் திறந்துவிடுங்கள். கோபத்தில் எழுதியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் எழுதியவரே திருத்தலாம். அழிப்பதற்கு இரண்டு நாள் வரை அவகாசம் உண்டு. அட்மினும் அழிக்கலாம், ஆனால் எழுதியவரே அழிக்க இடம் கொடுத்தால் அவர் மானம் காக்கப்படும்.

தொழிற்சங்கம், தேர்தல், சாதி மூன்றும் வேண்டாம். ஒரே லயத்தில் நாலு சங்கத்துக்காரர் இருப்பார்கள். பாட்டு ஒன்றுதான் அவர்களைச் சேர்த்து உட்காரவைக்கிறது.

‘தோட்டத்து பாஷை’ என்று கேலி பண்ணுவதற்கு இடம் கொடுக்கவே கூடாது. அது கொழும்பிலிருந்து வந்தாலும் சரி, தமிழ்நாட்டிலிருந்து வந்தாலும் சரி, நமக்குள்ளேயே படித்தவரிடமிருந்து வந்தாலும் சரி. ஒரு முறை சிரிப்புப் பொம்மை விழுந்தால் ஐந்து பேர் அன்றோடு வாயை மூடிக்கொள்வார்கள். அவர்கள் போனதே உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் குரூப்பை விட்டு யாரும் வெளியேற மாட்டார்கள். கேலி செய்தவரிடம் தனியாகப் பேசுங்கள். கேலிக்கு ஆளானவருக்கு மட்டும் குரூப்பில், எல்லோரும் பார்க்க, அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் போடுங்கள்.

மழைக்காலத்தில்

அடைமழை தொடங்கினால் விளையாட்டை நிறுத்திவிட்டு ஊர் ஊராக விசாரியுங்கள்: “நானுஓயாப் பக்கம் எப்படி? இராகலைக்காரங்க ஒரு வார்த்த போடுங்க.” மண்சரிவுப் படம் வந்தால் எந்த ஊர், எந்த நாள் என்று கேட்காமல் பகிராதீர்கள். பழைய படமே ஒவ்வொரு மழைக்கும் சுற்றும். பலமுறை பகிரப்பட்டது என்று இரட்டை அம்புக்குறி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐப் பின் செய்து வையுங்கள். ரீலோட் முடிந்தவருக்கு யார் கோல் எடுத்துப் பார்ப்பது என்று ஊருக்கு ஒருவரைச் சொல்லிவைத்தால் நல்லது.

பேசாமல் போனவர்

மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பாருங்கள். மூன்று வாரமாகச் சத்தமில்லாதவர் யார் யார்? குரூப்பில் பெயரைப் போட்டுக் கூப்பிட்டால் கூச்சப்படுவார். அறிமுகமானவர் ஒருவரைக் கொண்டு தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். “ஏன் வர்றதில்ல” என்று கேட்டால் பதில் வராது. அவர் எப்போதோ சொன்ன ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்: “தம்பி, நேத்து பூண்டுலோயா பஸ்ல அந்த ஷெனாய் பாட்டு போட்டாங்க. நீங்க சொன்ன எடம் வந்தப்ப ஒங்க ஞாபகந்தான். அது எத்தனையாவது சரணம்னு சொன்னீங்க, மறந்துட்டேன்.”

பதில் வர இரண்டு நாள் ஆகலாம். வந்ததும் குரூப்பில், எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்காமல், அந்த ஷெனாயிலிருந்தே தொடருங்கள்.